உங்கம்மா முகத்து இரண்டு கோடு

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தர்ஷினிக்கு, அப்பா மாடசாமி ஆசியோடு எழுதிக்கொள்வது. புனேயில் மழை பிடித்துக்கொண்டதாகச் செய்தியில் காட்டினார்கள். குடை வைத்திருக்கிறாயா? வேலையெல்லாம் எப்படிப் போகிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீடு வீடாக இல்லை தாயி.

தினமும் போனில் பேசுகிற அப்பா திடீரென்று பேனாவைத் தூக்கிவிட்டாரே என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் உங்கம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் நோண்டுகிறாள். நீயோ நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்ததுமே, சரிப்பா, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறவள். அதனால்தான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரும்பு வார்க்கிற மணல் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். காகிதத்தில் கருப்பாகப் பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கோபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது வேறு. அது எனக்குப் பழக்கம்தான், ரெண்டு நாளில் தானாக இறங்கிவிடும். இது அப்படியில்லை. பேசுகிறாள், சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னோடு சண்டைகூடப் போடுகிறாள். சிரிப்பு வருகிற இடம் வந்துவிட்டால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். உள்ளேயே அமுக்கிவிடுகிறாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

அவள் சிரிப்பு உனக்குத் தெரியாததா? சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே லைன் வீட்டில் குடியேறின புதிதில் ஒரு பக்கத்து வீடு தெலுங்கு, இன்னொரு பக்கத்து வீடு கன்னடம். நாம் பேசினால் அவர்களுக்குப் பாதி புரியாது. இவள் வாயைத் திறந்து சிரித்தே எல்லாரையும் சிநேகம் பிடித்துவிட்டாள். அவள் வேலை பார்க்கிற ரோஜாத் தோட்டத்து சூப்பர்வைசர் கங்கப்பன் இருக்கிறாரே, இருளாயியம்மாவைத் தேட வேண்டியதே இல்லை, மூணு ஷெட் தள்ளி இருந்தாலும் சத்தம் கேட்கும் என்பார். அந்த மனுஷனே போன வாரம் எனக்குப் போன் பண்ணி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று இழுக்கிறார். நான் என்னவோ கட்டினவளைப் போட்டு அடிக்கிறவன் மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். உன் நிச்சயத்தன்று மாப்பிள்ளை ஆனந்தின் பெரியம்மா என்னிடம் வந்து, இவங்க உங்க அக்காங்களா என்று கேட்டார்கள். இல்லைங்க, என் சம்சாரம், பொண்ணோட அம்மா என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு அழைத்துப் போனேன். உங்கம்மா எனக்கு ஏழு வயசு இளையவள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்போது சிரித்தாள். பிறகு போட்டோ எல்லாம் வந்தது. அதைப் பார்த்த அன்றிலிருந்துதான் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தாள்.

பிறகு நீ அவளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று பாகலூர் ரோட்டில் இருக்கிற தோல் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்தாய். நல்ல மனசோடுதான் செய்திருப்பாய், நான் குறை சொல்லவில்லை. கூடவே போடாக்ஸ், ஃபில்லர், லேசர் என்று வீடியோவாக அனுப்பித் தள்ளினாய். அதில் ஒருத்தி, மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்குகிற கோட்டுக்குச் சிரிப்புக் கோடு என்று பேர், சிரிக்கச் சிரிக்க ஆழமாகும் என்று சொல்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் இவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோக்காரி மட்டும் கையில் கிடைத்தாளோ!

வீட்டில் நடக்கிற கூத்தையும் கேட்டுக்கொள். அவளோடு தோட்டத்து வேலைக்கு வருகிற செல்லி ஒரு யோசனை சொல்வாள், அன்றைக்கே இங்கே அமலாகிவிடும். எனக்கு வர வேண்டிய தயிர் கடலைமாவோடு சேர்ந்து அவள் கன்னத்துக்குப் போகிறது. ஒருநாள் வாயை வட்டமாகக் குவித்துக் குவித்து விரித்துக்கொண்டிருந்தாள். பல்வலியாக்கும் என்று நான் கிராம்பு தேடி எடுத்து வந்தால், அது முகத்துக்கு உடற்பயிற்சியாம். ராத்திரி படுக்கும்போது கோடு விழுகிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறாள். ஒருக்களித்துப் படுத்தால் சுருக்கம் விழும் என்று மல்லாந்தே கிடக்கிறாள். அவளுக்கு மல்லாந்து படுத்தால் தூக்கம் வராது. தூக்கமில்லாமல் கண்ணைச் சுற்றி இன்னும் கருத்துப்போனதுதான் மிச்சம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் திங்கட்கிழமை செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பறித்த ரோஜாவை லாரி வரும்வரை குளிர் அறையில் வைப்பார்கள் இல்லையா, சாப்பாட்டு நேரத்தில் அதற்குள்ளே போய் ஒரு காலிப் பூப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காற்று வருகிற இடத்துக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்வெட்டர் இல்லை, மஃப்ளர் இல்லை. பூ அதுக்குள்ள இருந்தா ஒரு வாரம் வாடாம இருக்கு, முகம் மட்டும் எப்படி வாடும் என்று செல்லியிடம் கேட்டாளாம். செல்லி போய்க் கதவைத் திறந்தபோது உதடு நீலம் பாரித்து, பல் கிட்டி, கை விரல் மடங்கவில்லையாம். கங்கப்பன் சூடாக டீ வாங்கிக் கொடுத்து வெயிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினார். அவர் வீட்டில் பிரச்சினையா என்று கேட்டதும் அப்போதுதான்.

அன்றைக்கு நான் கத்திவிட்டேன். கல்யாணம் உனக்கா, உன் மகளுக்கா என்று கேட்டேன். அவள் பாத்திரம் விளக்குவதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“பூவுக்கு வெளி இதழு கருத்திருந்தா ரெண்ட உருவிட்டுத்தான் கட்டுக் கட்டுறேன். வருஷக்கணக்கா அதான் என் வேலை. அத யாராச்சும் ஏமாத்துன்னு சொல்றாங்களா? நான் என் மூஞ்சிக்குச் செஞ்சா மட்டும் உங்களுக்கு ஏன் வலிக்குது?” என்றாள்.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ரோஜா வளர்க்கிற அந்த பிளாஸ்டிக் கூடாரத்துச் சூட்டில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நின்ற முகம் அது. எனக்கும்தான் இரும்புக் குழம்பு தெறித்துக் கன்னத்தில் தழும்பு இருக்கிறது, நிச்சயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி போடாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டுக்கொள் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஊசி போட்டு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் என்ன செய்வது என்று வேலையில்கூடக் கவனம் நிற்க மாட்டேன் என்கிறது. இன்றைக்கு ஒரு மணல் அச்சுப் பெட்டியை, பூட்டுகிற பின் மாட்டாமல் மூடிவிட்டேன், பக்கத்தில் இருந்தவன் பார்த்துச் சொன்னான்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மிச்சத்தை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்.

வண்டிக்கு பிரேக் சரி பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிப் பூங்காவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

காலையில் கிளினிக்குக்குப் போனோம். நிச்சயத்துக்கு எடுத்த அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டாள். உள்ளே நுழைந்தால் ஏசி, சுவர் பூராவும் கண்ணாடி, உட்கார்ந்திருந்ததெல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். அதுகளுக்கு முகத்தில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. உங்கம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா பேர் சத்யப்ரியா. நல்ல மாதிரி. அவசரப்படுத்தாமல், எங்களுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார்கள். நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் போடாக்ஸ் ஊசியாம், அது தசையைத் தளர்த்தி வைக்கும், நாலு மாசம்போலத் தாங்கும். மூக்கோரத்துக் கோட்டுக்கு ஃபில்லர் என்கிற ஜெல், அதை ஊசியால் உள்ளே வைத்தால் பள்ளம் மேடாகும், ஒரு வருஷம்போல இருக்கும். நாலைந்து நாள் வீக்கமும் ரத்தக்கட்டும் இருக்கலாம், அதனால் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே செய்துவிட வேண்டும். அபூர்வமாக ரத்தக்குழாயில் போய்விட்டால் ஆபத்து, கண்ட கண்ட பார்லரில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார்கள். லேசர் செய்தால் கொஞ்ச நாளைக்கு வெயிலே ஆகாதாம். எங்க ஷெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் போட்டிருக்கு டாக்டர், அது நிழல்தானே என்று உங்கம்மா கேட்டாள். வெளிச்சம் உள்ளே வந்தால் அதுவும் வெயில்தான் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். வெயிலுக்கு ஒரு கிரீமும் ராத்திரிக்கு ஒரு கிரீமும் எழுதிக் கொடுத்தார்கள். எந்த ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதை விடாமல் தடவ வேண்டுமாம்.

உங்கம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கோட்டுக்கு மட்டும் போடுங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளைப் படுக்கை மாதிரியான நாற்காலியில் சாய்த்து, பளிச்சென்று ஒரு விளக்கைப் போட்டு, டாக்டரம்மா வெள்ளைப் பென்சிலை எடுத்துக்கொண்டார்கள். எங்கே எவ்வளவு வைக்க வேண்டும் என்று குறிக்க, முகம் சும்மா இருக்கும்போதும் பார்க்க வேண்டும், சிரிக்கும்போதும் பார்க்க வேண்டுமாம். ஒருதரம் நல்லா சிரிங்கம்மா என்றார்கள்.

உங்கம்மாவுக்குச் சிரிக்க வரவில்லை.

உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள். டாக்டரம்மா, இது இல்லம்மா, சும்மா நினைச்சுச் சிரிப்பீங்கள்ல, அப்படி என்றார்கள். மறுபடியும் இழுத்தாள். கை தன்னால் முந்தானையைத் தேடிப் போனது. அங்கே நின்ற நர்ஸ் பெண் என்னைப் பார்த்து, சார், நீங்க ஏதாவது சொல்லி சிரிக்க வைங்க என்றது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அப்புறம் உங்கம்மா கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. டாக்டரம்மா விளக்கை அணைத்து, அவளை எழுப்பி உட்கார வைத்து, என்னம்மா ஆச்சு, பயமா இருக்கா என்று கேட்டார்கள்.

“பயமில்ல டாக்டர். மேடையில சிரிக்காதம்மா, போட்டோவுல கோடு கோடா அசிங்கமா விழுதுன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கு. அதான் பழகிக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை தாயி அவள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இத்தனை நாளும் அந்த வீடியோக்காரியைத் திட்டிக்கொண்டு இருந்தேனே.

அதோடு விட்டாளா? இந்த ஊசியைப் போட்டுவிட்டால் அப்புறம் சிரிக்கலாம்தானே டாக்டர் என்று கேட்டாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். அவள் ஊசி கேட்டதே அதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது கோடு குறைஞ்சு தெரியும்மா, ஆனா சிரிச்சா விழத்தான் செய்யும், எனக்கும் விழும் என்றார்கள். சிரித்தும் காட்டினார்கள், விழுந்தது. உங்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னைக்கு வேணாம்மா, வீட்டுக்குப் போயிட்டு ஒரு வாரம் கழிச்சும் வேணும்னு தோணினா வாங்க, நானே போட்டு விடறேன் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உழவர் சந்தையில் நிறுத்துங்க, கத்தரிக்காய் வாங்கணும் என்றாள்.

தர்ஷினி, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. கிளினிக் வாசலிலேயே உனக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனை எடுத்துவிட்டேன். அவள் பக்கத்தில் நின்றதால் மறுபடி பைக்குள் போட்டேன். இப்போது எழுதும்போது அந்த அளவுக்குக் கோபம் இல்லை. நீ வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாய். ஆனந்த் வீட்டார் பெங்களூர்க்காரர்கள், நாகரிகமாக இருக்கிறவர்கள், அவர்கள் முன்னால் உன் அம்மாவும் அழகாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பாய். யாரோ ஒருவர் கேட்ட கேள்வி உனக்கும் சுருக்கென்று குத்தியிருக்கும். எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ போகிற போக்கில் சொன்னதை அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். நீ எதைச் சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான். அது உனக்குத் தெரியாதா?

ஊசி போடுவதும் விடுவதும் அவள் இஷ்டம். அவள் முகம், அவள் பாடு. அடுத்த வாரம் கேட்டாலும் நானே வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன், அதில் எனக்கு இப்போது ஒரு மறுப்பும் இல்லை. சிரிப்பு விஷயம்தான் என் கையில் இல்லை. நானும் கோணங்கித்தனம் எல்லாம் பண்ணிப் பார்த்துவிட்டேன், பழைய கதையெல்லாம் எடுத்துவிட்டேன், கங்கப்பன் மாதிரி கன்னடத்துத் தமிழ் பேசிக் காட்டினேன். முந்தானைதான் வாய்க்குப் போகிறது. நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீ சொன்னால்தான் கேட்பாள்.

திங்கட்கிழமை காலையில் இதை ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுகிறேன். கிடைத்ததும் அம்மாவை வீடியோவில் கூப்பிடு. அவள் போனை ஃபேனைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசுவாள், நீயும் கவனித்திருப்பாய். முகத்தைக் காட்டச் சொல். காட்டும்வரை விடாதே. என்ன பேசுவாயோ எனக்குத் தெரியாது, அது உங்கள் இருவருக்குள். மன்னிப்பு அது இது என்று போகாதே, அவள் தாங்க மாட்டாள், உனக்கு முன்னால் அவள் மன்னிப்புக் கேட்பாள். சின்ன வயதில் அவளை எப்படியெல்லாம் சிரிக்க வைப்பாய், அதில் ஏதாவது ஒன்று உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

ஆவணியில் நீ மணவறையில் உட்கார்ந்திருப்பாய். உன் கழுத்தில் தாலி ஏறுகிற நேரம் நான் உன்னைப் பார்க்க மாட்டேன் தாயி, எனக்கு அழுகை வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற அவளைத்தான் பார்ப்பேன். அவளும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றால் நான் யாரைப் பார்ப்பேன்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மழையில் நனையாதே. நீ அவரோடு நீடூழி வாழ வேண்டும், வாய் கொள்ளாமல் சிரித்து வாழ வேண்டும். உங்கம்மா வயசுக்கு நீ வரும்போது உன் முகத்திலும் இதே இரண்டு கோடு, இவளுக்கு இருப்பதைவிட ஆழமாக விழுந்திருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாடசாமி.